வாஷ்பேசினுக்கு அடியில்

2010 ஆகஸ்டில் 'லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரை இந்திய மருத்துவ உலகை உலுக்கியது. அதன் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் நுண்ணுயிரியல் ஆய்வு மாணவராக இருந்தவர். கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் டிமோதி வால்ஷும் அதில் முக்கியப் பங்காளி. மற்ற ஆன்டிபயாட்டிக்குகள் கைவிட்ட பிறகு மருத்துவர்கள் நாடும் கார்பபெனெம் வகை மருந்துகளையே செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்-1 என்ற நொதியை அவர்கள் தேடினார்கள். சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் பிற ஊர்களில் 73 என்ற எண்ணிக்கையில் அந்த நொதியைச் சுமந்த பாக்டீரியாக்கள் கிடைத்தன.

அடுத்த சில மாதங்கள் நாம் பேசியதெல்லாம் பெயரைப் பற்றித்தான். டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரிடம் முதலில் கண்டறியப்பட்டதால் 2009-இல் அந்த நொதிக்கு நியூடெல்லி என்று பெயர் வைத்திருந்தார்கள். நாட்டின் மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்று குரல்கள் எழுந்தன. நாடாளுமன்றத்திலும் பேச்சு எழுந்தது. 2011 ஜனவரியில் லான்செட்டின் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் டெல்லிக்கு வந்தபோது, ஊர்ப்பெயரைச் சூட்டியது தவறு என்று வருத்தம் தெரிவித்தார். கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தச் சத்தத்தில் கட்டுரையின் மிகப் பயனுள்ள ஒரு வரி யார் கண்ணிலும் படாமல் போயிற்று.

அரியானாவில் கிடைத்த கிளெப்சியெல்லா பாக்டீரியாக்கள் ஏறக்குறைய ஒரே குலத்தைச் சேர்ந்தவை. சென்னையில் கிடைத்தவை வெவ்வேறு குலங்கள். சென்னை மாதிரிகளில் எதிர்ப்பு மரபணு இருந்த பிளாஸ்மிடை ஆய்வுக்கூடத்தில் வேறு பாக்டீரியாவுக்கு எளிதாக மாற்ற முடிந்தது. அரியானா மாதிரிகளில் அது நடக்கவில்லை. மருத்துவமனைத் தொற்றின் இரண்டு வழிகளும் இந்த ஒரே ஒப்பீட்டில் தெரிந்துவிடுகின்றன. ஒரு வழியில், மருந்துக்கு அடங்காத ஒரு கிருமி நோயாளியிலிருந்து நோயாளிக்குத் தாவுகிறது. இன்னொன்றில் கிருமி இடம் மாறுவதில்லை, அதன் திறமை மட்டும் இடம் மாறுகிறது. பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவின் மையக் குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் வளைய வடிவ டி.என்.ஏ. பரீட்சைக்கு முந்தைய நாள் விடுதியில் கைமாறும் நோட்ஸ் ஜெராக்ஸைப் போல, ஒரு பாக்டீரியா தன் பிரதியைத் தக்கவைத்துக்கொண்டே இன்னொன்றுக்கு நகல் கொடுத்துவிடும். பெறுகிறவர் அதே இனமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. கிளெப்சியெல்லா ஈ.கோலைக்குக் கொடுக்கும். ஒரே பிளாஸ்மிடில் ஐந்தாறு மருந்துகளுக்கான எதிர்ப்பு சேர்ந்தே இருப்பதால், அவற்றில் எந்த மருந்தைப் பயன்படுத்தினாலும் எல்லா எதிர்ப்பும் கூடவே பிழைத்துக்கொள்ளும்.

நொதி செய்யும் வேலை சின்னது. பெனிசிலின், செஃபலோஸ்போரின், கார்பபெனெம் ஆகிய எல்லாவற்றின் நடுவிலும் பீட்டா-லாக்டம் என்ற நான்கு அணு வளையம் உண்டு. பாக்டீரியா தன் சுவரைக் கட்டும் இடத்தில் அந்த வளையம் போய்ச் சிக்கிக்கொண்டு வேலையை முடக்கும். என்.டி.எம் தன்னிடம் உள்ள துத்தநாக அயனிகளின் உதவியால் வளையத்தை உடைத்துவிடுகிறது. அதற்கு மேல் மருந்து வெறும் கழிவு. இதுபோன்ற நொதி புதிய செய்தியும் அல்ல. பெனிசிலின் பரவலாகப் புழக்கத்துக்கு வருமுன்பே, 1940-இல், ஆக்ஸ்ஃபோர்டில் ஆபிரகாமும் செயினும் பெனிசிலினைச் சிதைக்கும் நொதியை ஈ.கோலையில் கண்டு எழுதிவிட்டார்கள். மெத்திசிலின் 1959-இல் வந்தது. அதை மீறும் ஸ்டெஃபைலோகாக்கஸ் 1961-இல் இங்கிலாந்தில் பதிவானது.

ஆக, எதிர்ப்பு பிறப்பதை யாராலும் தடுக்க முடியாது. அது பரவுவதைத் தடுக்க முடியும். பொதுப்பேச்சில் இந்த வேறுபாடு அடிபட்டுப் போகிறது என்பதுதான் என் குறை. ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு என்றதும் நம் பத்திரிகைகளும் போஸ்டர்களும் நோயாளியைப் பார்த்து விரல் நீட்டுகின்றன: மருந்துக்கடையில் தானே வாங்கிச் சாப்பிட்டார், கோர்ஸை முடிக்காமல் விட்டார். முதல் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. இரண்டாவதன் அடிப்படை ஆட்டம் கண்டுவிட்டது. 2017-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் மார்ட்டின் லூவெலினும் சகாக்களும் எழுதியதன் சாரம் இது. காசநோய் போன்ற சில நோய்களை விட்டுவிட்டால், மருந்து கூடுதல் நாள் உடம்பில் இருக்க இருக்க எதிர்ப்பு கூடுமே தவிரக் குறையாது. காரணம், எதிர்ப்புள்ள கிருமிகள் தேர்ந்தெடுக்கப்படுவது நோயுள்ள இடத்தில் மட்டுமல்ல. குடலிலும் தோலிலும் சும்மா வாழ்ந்துகொண்டிருக்கும் பாக்டீரியாக்களில் மருந்தைத் தாங்குபவை தங்கிவிடுகின்றன. 2024-இல் வெளியான 'பேலன்ஸ்' ஆய்வு, இரத்தத்தில் பாக்டீரியா கலந்த 3,608 நோயாளிகளுக்கு 7 நாள், 14 நாள் என்று இரு விதமாக மருந்து கொடுத்துப் பார்த்தது. 90 நாளில் இறப்பு 7 நாள் குழுவில் 14.5 சதவீதம், 14 நாள் குழுவில் 16.1 சதவீதம். குறைந்த நாள் கொடுத்ததால் கெடுதல் வரவில்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். எத்தனை நாள் என்பதை மருத்துவரிடமே கேளுங்கள்.)

பழியை நோயாளி மேல் போடும் வாதம் முழுதாக உடைவது பச்சிளம் குழந்தைகள் வார்டில். டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளிவந்தது. செப்சிஸ் வந்த நிகழ்வுகளில் மூன்றில் இரண்டு பங்கு, பிறந்து 72 மணி நேரத்துக்குள் வந்தவை. முன்னணியில் இருந்த கிருமி அசினெட்டோபாக்டர்; அதில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கு அடங்காதது. கிளெப்சியெல்லாவில் 54 சதவீதம். அந்தக் குழந்தைகள் எந்தக் கோர்ஸையும் பாதியில் விடவில்லை. பிரசவ அறையிலும் இன்குபேட்டரிலும் தொடும் கைகளிலும் கிருமி முன்கூட்டியே இருந்திருக்கிறது.

ஒரு ஐ.சி.யூ. படுக்கையைப் பக்கத்தில் நின்று அரைமணி நேரம் பார்த்தால் இதன் கணக்கு பிடிபடும். நோயாளியின் வாயில் வென்டிலேட்டர் குழாய், கழுத்தில் சென்ட்ரல் லைன், கீழே யூரின் கதீட்டர். தோலும் சளிச்சவ்வும் அமைத்த காவலை மூன்று இடத்தில் நாமே திறந்து வைத்திருக்கிறோம். மானிட்டர் அலாரம் அடிக்கிறது. சிஸ்டர் வந்து பட்டனை அழுத்துகிறார். இன்ஃப்யூஷன் பம்பில் அளவை மாற்றுகிறார். படுக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நோயாளியைத் திருப்புகிறார். சளியை உறிஞ்சுகிறார், யூரின் பையைக் காலி செய்கிறார். அதற்குள் பக்கத்துப் படுக்கையில் ரத்த அழுத்தம் விழுகிறது. அந்த இடைவெளியில் ஒவ்வொரு தொடுதலுக்கும் முன்னும் பின்னும் கையில் ஹேண்ட்ரப் தேய்த்துக் காயவிட வேண்டும் என்பதுதான் விதி. ஒரு சிஸ்டருக்கு ஒரு படுக்கை என்றால் செய்யலாம். இரவு ஷிப்டில் மூன்று, நான்கு என்றால்? அவரைக் கவனக்குறைவானவர் என்று திட்டுவது சுலபம், நியாயம் இல்லை. அசினெட்டோபாக்டர் காய்ந்த கம்பியிலும் பட்டனிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. கிளெப்சியெல்லா நோயே இல்லாத ஒருவரின் குடலில் சத்தமில்லாமல் குடியிருந்து அடுத்தவருக்குப் போகும். அவருக்குக் காய்ச்சல்கூட இராது. மலக்குடல் துடைப்பு எடுத்துத் தேடினால்தான் தெரியும்.

கை கழுவுமிடமே கிருமியின் வீடாக இருப்பது இன்னும் சங்கடமானது. வாஷ்பேசினுக்கு அடியில், நாற்றம் மேலே வராதிருக்க வளைத்து வைத்திருக்கும் குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்த வளைவின் உட்சுவரில் பாக்டீரியாக்கள் வழவழப்பான படலமாகப் படிந்து வாழ்கின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஏமி மேதர்ஸின் குழு, ஒளிரும் ஈ.கோலையை அந்த வளைவில் விட்டு, மருத்துவமனை வாஷ்பேசினைப் போன்ற மாதிரிகளில் சோதித்தது. குழாயைத் திறந்தவுடன் கிருமி மேலே தெறித்து வரவில்லை. ஆனால் சத்துள்ள திரவம் சாக்கடையில் விழ விழ, படலம் நாளுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் வீதம் குழாயின் சுவரில் மேலே வளர்ந்து ஏறியது. ஒரு வாரத்தில் சல்லடை மூடியை எட்டியது. அதன்பின் தண்ணீர் விட்டால் சுற்றுப்புறத்தில் 30 அங்குலம் வரை துளிகள் தெறித்தன. மிச்சமான குளுக்கோஸ் டிரிப்ஸ், அட்டெண்டர் கொண்டுவந்த ஜூஸ், காபி எல்லாம் எங்கே கொட்டப்படுகின்றன என்று நம் வார்டுகளில் பார்த்தால் போதும். நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள ராட்பவுட் மருத்துவமனை 2014-இல் ஐ.சி.யூ. நோயாளி அறைகளிலிருந்து வாஷ்பேசின்களையே எடுத்துவிட்டது. குடிக்கவும் உடம்பு துடைக்கவும் வேறு ஏற்பாடு செய்தார்கள். கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிகள் நோயாளிகளிடம் தொற்றுவது குறைந்தது; அதிக நாள் தங்கியவர்களிடம் அந்தக் குறைவு தெளிவாகத் தெரிந்தது.

மருத்துவமனைச் சுவருக்கு வெளியேயும் இதே கதைதான். வால்ஷின் குழு 2010 செப்டம்பர், அக்டோபரில் டெல்லித் தெருக்களில் தேங்கிய நீரில் 171 மாதிரிகளும் குழாய்த் தண்ணீரில் 50 மாதிரிகளும் எடுத்தது. தேங்கிய நீரில் 51, குழாய்த் தண்ணீரில் 2 மாதிரிகளில் என்.டி.எம்-1 மரபணு இருந்தது. ஐதராபாத் அருகே பட்டான்சேருவில், சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்த நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007-இல் ஸ்வீடனின் யோக்கிம் லார்சன் குழு வெளியிட்டது. அது மருந்து எடுத்துக்கொண்டவரின் ரத்தத்தில் காணும் அளவைவிட அதிகம். 2018-இல் பீட்டர் காலிங்னன், வால்ஷ், சுமந்த் காந்த்ரா, ரமணன் லக்ஷ்மிநாராயணன் முதலியோர் 103 நாடுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தார்கள். சுகாதாரக் கட்டமைப்பும் ஆட்சியின் தரமும் மேம்பட்ட இடங்களில் எதிர்ப்பு குறைவாக இருந்தது. ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டின் அளவுக்கும் எதிர்ப்புக்கும் வலுவான தொடர்பு அந்தக் கணக்கில் கிடைக்கவில்லை. நாடுகளை ஒப்பிடும் ஆய்வில் ஓட்டைகள் இருக்கும். மருந்து பயன்பாட்டைக் கட்டுப்படுத்த வேண்டாம் என்று யாரும் இதிலிருந்து முடிவெடுக்கக் கூடாது. ஆனாலும் சாக்கடை, தண்ணீர், ஆட்கள் என்ற வரிசைக்கு நாம் கொடுக்கும் இடம் மிகக் குறைவு என்பதை இது காட்டுகிறது.

மருந்தின் பக்கத்தில் நாம் ஒன்றும் செய்யவில்லை என்பதில்லை. 2012 ஆகஸ்ட் 24 அன்று சென்னையில் இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடி உருவாக்கிய 'சென்னைப் பிரகடனம்' பயனுள்ள ஆவணம். அதை முன்னின்று நடத்திய தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூரின் வாதம் நடைமுறை சார்ந்தது: டாக்டரே இல்லாத கிராமத்தில் எல்லா ஆன்டிபயாட்டிக்கையும் ஒரே நாளில் சீட்டுக்குள் பூட்டினால் ஆட்கள் சாவார்கள், எனவே மேல்நிலை மருந்துகளிலிருந்து தொடங்குவோம். அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த எச்-1 பட்டியல் அந்தப் பாதையில்தான் வந்தது. அதிலுள்ள மருந்துகளை (தொடக்கத்தில் 46) விற்றால் மருந்துக்கடைக்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். எத்தனை கடைகளில் அந்த நோட்டு ஒழுங்காக இருக்கிறது என்பதை உங்கள் தெருக் கடையிலேயே கேட்டுப் பார்க்கலாம்.

மருத்துவமனையின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் இதற்கிடையே என்ன நடந்தது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013-இல் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பின் தரவுப்படி, கிளெப்சியெல்லாவில் இமிபெனெமுக்கு அடங்கியவை 2017-இல் சுமார் 58 சதவீதம், 2023-இல் சுமார் 35. அசினெட்டோபாக்டரில் பத்தில் ஒன்பது மெரோபெனெமுக்கு அடங்குவதில்லை. இவை பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளின் கணக்கு. கடினமான நோயாளிகள் சேரும் இடங்கள் என்பதால் ஊர் முழுக்க இதே நிலை என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஐ.சி.யூ.வில் நிற்கும் டாக்டர் பார்க்கும் தாள் இதுதான்: மருந்துப் பெயர்களின் நேரே வரிசையாக 'ஆர்', 'ஆர்', 'ஆர்' (ரெசிஸ்டன்ட், அதாவது அடங்காதது). கடைசியில் கோலிஸ்டின். 1940-களில் கண்டெடுக்கப்பட்டு, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஓரங்கட்டப்பட்ட மருந்து அது. வேறு வழியின்றித் திரும்ப அழைக்கப்பட்டது. அதற்கும் பிளாஸ்மிடில் ஏறிப் பயணிக்கும் எதிர்ப்பு மரபணு இருப்பது 2015-இல் சீனாவில் தெரிந்தது. பண்ணைத் தீவனத்தில் அதைக் கலப்பதை இந்தியா 2019-இல் தடை செய்தது.

தாளில் கோலிஸ்டினும் 'ஆர்' ஆனால் என்ன ஆகும் என்பதற்கு நெவாடாவில் ஒரு பதிவு உண்டு. இந்தியாவில் தொடை எலும்பு முறிவுக்காகப் பலமுறை மருத்துவமனையில் இருந்து திரும்பிய, எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி 2016 செப்டம்பரில் அங்கே இறந்தார். அவரிடமிருந்த கிளெப்சியெல்லாவில் என்.டி.எம் இருந்தது. அமெரிக்காவில் கிடைத்த 26 மருந்துகளில் எதற்கும் அது அடங்கவில்லை. மற்றொன்றையும் அந்த அறிக்கை சொல்கிறது: அவரைத் தனிமைப்படுத்திக் கவனித்தார்கள், அதே பிரிவிலிருந்த மற்றவர்களைச் சோதித்தபோது யாரிடமும் அந்தக் கிருமி இல்லை.

புதிய மருந்துகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அதில் சென்னைக்கு ஒரு பெருமையும் உண்டு. ஆர்க்கிட் நிறுவனத்தில் பிறந்த என்மெட்டசோபாக்டம் என்ற மூலக்கூறு, செஃபிபைமுடன் சேர்ந்து 2024 பிப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. ஆனால் என்.டி.எம்-ஐ அதனால் தடுக்க முடியாது. அதன் இலக்கு வேறு வகை நொதிகள். செஃப்டாசிடைம்-அவிபாக்டம் என்ற கூட்டு மருந்துக்கும் இதே குறை. அதனால் என்.டி.எம் உடைக்க முடியாத ஆஸ்ட்ரியோனாமை அவிபாக்டமோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள்: ஆஸ்ட்ரியோனாமை மற்ற நொதிகள் உடைக்காமல் அவிபாக்டம் காக்கும். நல்ல யோசனை, பல உயிர்களைக் காக்கிறது. விலை எளியவர்களுக்கு எட்டாது. அதற்கும் எதிர்ப்பு வரும்.

புது மருந்தே இல்லாமல் இறங்கிய ஒரு வரைபடத்தை எனக்குப் பிடித்த சான்றாகச் சொல்வேன். இஸ்ரேலில் 2006-இல் கார்பபெனெமுக்கு அடங்காத கிளெப்சியெல்லா வேகமாகப் பரவியது. 2007 மார்ச் முடிவில் 27 மருத்துவமனைகளில் 1,275 நோயாளிகள். சுகாதார அமைச்சகம் ஒரு குழுவை அமைத்து, மருத்துவமனை இயக்குநர்களிடம் நேரடியாகக் கேள்வி கேட்கும் அதிகாரத்தை அதற்குக் கொடுத்தது. கிருமி உள்ள ஒவ்வொருவரையும் அன்றாடம் அறிவிக்க வேண்டும். தனி இடம், அவருக்கென்றே தனிச் செவிலியர்கள் வேண்டும். குழு மருத்துவமனைகளுக்கு நேரில் போய்ப் பார்த்தது. ஒரு லட்சம் படுக்கை நாட்களுக்கு மாதம் 55.5 ஆக இருந்த புதிய தொற்று 2008 மே மாதத்தில் 11.7 ஆனது. உடனே யாராவது சொல்வார்கள்: சின்ன நாடு, காசு உண்டு, ஒரே குலத்துக் கிருமி, நம் ஊரில் நடக்காது. மூன்றாவது காரணம் உண்மையானது. அது அரியானா வழி, சென்னை வழி அல்ல. பிளாஸ்மிட் வெவ்வேறு குலங்களில் ஏறிவிட்ட ஊரில் இவ்வளவு சுத்தமான வெற்றி கிடைக்காது. பாதி கிடைத்தாலும் போதும் என்பேன்.

இங்கிலாந்து வேறொரு கருவியை எடுத்தது. 2001 முதல் மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் ரத்தத் தொற்றுகளை ஒவ்வொரு மருத்துவமனை நிர்வாகமும் கட்டாயம் அறிவிக்க வேண்டும், எண்கள் பெயரோடு வெளியாகும் என்றார்கள். 2004-இல் பாதியாகக் குறைக்கும் இலக்கு வைத்தார்கள். 2003-04-இல் சுமார் 7,700 ஆக இருந்தது 2011-12-இல் சுமார் 1,100 ஆனது. கையில் ஹேண்ட்ரப், லைன் போடும்போது முறையான சுத்தம், தேவை முடிந்த அன்றே கதீட்டரை எடுப்பது எல்லாமே பழைய பாடங்கள்தான். பத்திரிகையில் மருத்துவமனையின் பெயர் வரும் என்ற பயம்தான் புதிது.

நம் நாட்டில் என்.ஏ.பி.ஹெச். தரச்சான்று பெற்ற மருத்துவமனைகள் இதே எண்களை ஏற்கனவே கணக்கிட்டு வைத்திருக்கின்றன. சென்ட்ரல் லைன் தொற்று, வென்டிலேட்டர் நிமோனியா, கதீட்டர் தொற்று, அறுவைக் காயத் தொற்று நான்கும் அவர்கள் அளந்தாக வேண்டிய தரக் குறியீடுகளில் அடக்கம். அறுவைக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கும்போது பேக்கேஜ் விலை, அறை வாடகை, காப்பீட்டு வரம்பு எல்லாம் அட்டெண்டரிடம் காட்டப்படுகின்றன. அந்த நான்கு எண்களைப் பொதுவெளியில் வைக்க வேண்டிய கட்டாயம் மட்டும் எந்த மருத்துவமனைக்கும் இல்லை. புதிய சட்டத்துக்குக் காத்திருக்காமல், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலிருந்தே மாநில அரசு இதைத் தொடங்கலாம்.